பயாஸ் பூட்டோடு வந்த பழைய திங்க்பேட்: காசு பேட்டரியில் கைவைக்கும் முன்

மேசைக்கு வந்த கணினி லெனோவோவின் திங்க்பேட் டி430. 2012-இல் வெளிவந்த மாதிரி. 14 அங்குலத் திரை, மூன்றாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம், யாரோ பின்னாளில் மாட்டிய 240 ஜிபி எஸ்எஸ்டி. எதிர்வீட்டு அக்காவின் மகன், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்திருந்தான். மேலே பெரிய கீறல் இல்லை, கீல் இறுக்கமாக இருக்கிறது, பேட்டரி மட்டும் முக்கால் மணி நேரம் தாங்கினால் பெரிது. விற்றவர் சொல்லியனுப்பிய ஒரே குறை இது: "விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் தெரியாது தம்பி. யாரிடமாவது கொடுத்து மாற்றிக்கொள்."

இதைக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழைய கணினி விற்கிற கடையில் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது அன்றாட வேலை. அதற்கான பென்டிரைவ் எப்போதும் மேசையிலேயே கிடக்கும். அப்படிப்பட்ட கடையில் பழைய நிறுவனத்தின் விண்டோஸை அப்படியே வைத்து ஒருவர் விற்கிறார் என்றால், அதை அழிக்க அவரால் முடியவில்லை என்றுதான் பொருள். ஏன் முடியவில்லை என்பதுதான் முதல் கேள்வி. 'பாஸ்வேர்டு போட்டிருக்கிறது' என்று யார் மடிக்கணினியைக் கொண்டுவந்தாலும் எங்கே போட்டிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். திருப்புளிக்கு அதற்கப்புறம்தான் வேலை.

எந்தப் பூட்டு, எங்கே இருக்கிறது

பொத்தானை அழுத்தினால் திங்க்பேட் முத்திரை வந்தது, பிறகு நேராக விண்டோஸ் 10 நுழைவுத் திரை. நடுவில் எதுவும் கேட்கவில்லை. ஆகவே இயக்கும்போதே கேட்கிற பவர்-ஆன் கடவுச்சொல் இல்லை. வட்டுக்கான கடவுச்சொல்லும் இல்லை, இருந்திருந்தால் அதையும் இந்த நேரத்தில்தான் கேட்கும். அணைத்து மறுபடி இயக்கி, முத்திரை தெரியும்போது எஃப்12-ஐ அழுத்தினேன். பென்டிரைவிலிருந்து தொடங்க வழிவிடும் பட்டியல் வர வேண்டிய இடத்தில் ஒரு கடவுச்சொல் பெட்டி வந்தது. பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் ஓடிக் கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல். அதன் அமைப்புக்குள் போகும் எஃப்1-க்கும் அதே பெட்டி.

விற்றவர் ஏன் விண்டோஸைத் தொடவில்லை என்பது இங்கேயே தெரிந்துவிட்டது. இது சூப்பர்வைசர் கடவுச்சொல். அலுவலகக் கணினிகளில் தகவல்தொழில்நுட்பப் பிரிவினர் போடுவது. கணினியை அன்றாடம் பயன்படுத்துகிறவருக்கு அது இருப்பதே தெரியாது, அமைப்பை மாற்றப் போனால்தான் குறுக்கே வரும். திங்க்பேடின் பயாஸில், தொடக்கச் சாதனப் பட்டியலைத் திறக்கவும் கடவுச்சொல் கேட்க வேண்டும் என்று தனியாக ஓர் அமைப்பு உண்டு. இந்தக் கணினியில் அதையும் இயக்கி வைத்திருந்தார்கள். செய்தவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். கணினியை விற்கும்போது எடுத்துவிடத்தான் மறந்திருக்கிறார்.

அடுத்து வட்டு. டி430-இல் வட்டைக் கழற்றுவது எளிது, ஓரத்தில் உள்ள ஒரு திருகை நீக்கி மூடியை எடுத்தால் பக்கவாட்டில் இழுக்க வந்துவிடும். என் மேசைக் கணினியில் சாட்டா கம்பியில் நேரடியாக இணைத்து லினக்ஸில் பார்த்தேன். வட்டுக்கே கடவுச்சொல் போட்டிருந்தால், அது தன் பெயரையும் கொள்ளளவையும் சொல்லும், உள்ளே படிக்கப் போனால் பிழை காட்டும். எந்தக் கணினிக்கு மாற்றினாலும் அப்படித்தான், ஏனென்றால் அந்தப் பூட்டு வட்டின் சொந்தக் கட்டுப்பாட்டுச் சில்லில் இருக்கிறது. அதை மறந்தவர்களுக்கு லெனோவோவின் பராமரிப்புக் கையேடு சொல்லும் ஒரே வழி வட்டை மாற்றுவது. இங்கே அந்தச் சிக்கல் இல்லை. பகிர்வுகள் ஒழுங்காகத் தெரிந்தன. பெரிய பகிர்வின் வகை என்ற இடத்தில் பிட்லாக்கர் என்று வந்தது, விண்டோஸின் குறியாக்க வசதி அது. அதாவது உள்ளே இருக்கும் கோப்புகளைச் சாவி இல்லாமல் படிக்க முடியாது. கணினியில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு தானாகச் சாவி கொடுப்பதால்தான் நுழைவுத் திரைவரை வருகிறது. வட்டை வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும்.

இதில் எனக்கு நிம்மதிதான். முன்னாள் ஊழியர் யாரோ ஒருவரின் கோப்புகளை நான் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, ஆசையும் இல்லை. வட்டை மொத்தமாக அழித்தால் விண்டோஸ் கடவுச்சொல்லும் பிட்லாக்கரும் சேர்ந்தே போய்விடும். மிச்சமிருப்பது பயாஸ் பூட்டு ஒன்றுதான்.

காசு பேட்டரி

"அந்தச் சின்ன பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்தால் எல்லாம் அழிந்துவிடுமாமே, காணொளியில் பார்த்தேன் மாமா" என்றான் பையன். அவன் சொன்னது தாய்ப்பலகையோடு இணைந்த, காசு வடிவிலான சிறு பேட்டரியை. எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். இந்த வைத்தியம் பொய்யில்லை, ஆனால் காலாவதியானது. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் மோட்டோரோலா செய்த கடிகாரச் சில்லு ஒன்று இருந்தது. அதில் 64 பைட் நினைவகம். தேதி, நேரம், வட்டு வகை முதலான அமைப்புகள் அதற்குள் இருந்தன, சிறு பேட்டரி ஒன்று அவற்றை உயிரோடு வைத்திருந்தது. பின்னால் வந்த மேசைக் கணினிகள் பலவும் கடவுச்சொல்லையும் அந்த நினைவகத்திலேயே வைத்தன. பேட்டரியை எடுத்தால் மின்சாரம் போகும், கூடவே கடவுச்சொல்லும் போகும். இந்தக் கைவைத்தியம் அந்தக் காலத்தில் பிறந்தது.

அலுவலகப் பயன்பாட்டுக்கு என்று செய்யப்படும் மடிக்கணினிகள் இதை எப்போதோ மாற்றிக்கொண்டன. திங்க்பேடில் சூப்பர்வைசர் கடவுச்சொல் இருப்பது மின்சாரம் இல்லாமலே நினைவு வைத்திருக்கும் சில்லில். பேட்டரியைப் பத்து நிமிடம் கழற்றினாலும் பத்து வருடம் கழற்றினாலும் அது அசையாது. பவர்-ஆன் கடவுச்சொல் மட்டும் போட்டிருந்தால் காசு பேட்டரியைக் கழற்றி நீக்கலாம், பராமரிப்புக் கையேடே அந்த வழியைச் சொல்கிறது. சூப்பர்வைசர் கடவுச்சொல் மறந்துபோனால் கையேடு சொல்வது வேறு: தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும், அதுவும் வாங்கியதற்கான சான்றோடு.

பலன் இல்லாததோடு நின்றால் பரவாயில்லை. கழற்றினால் நிலைமை மோசமாகும். காசு பேட்டரி போனால் கணினி தேதியை மறக்கும். அடுத்த முறை இயக்கும்போது 0271 என்ற பிழை எண்ணோடு, தேதியையும் நேரத்தையும் சரிபார்க்கச் சொல்லித் திரை வரும். சரிபார்க்க அமைப்புக்குள் போக வேண்டும். அமைப்புக்குள் போக சூப்பர்வைசர் கடவுச்சொல் வேண்டும். அதுவரை விண்டோஸ் நுழைவுத் திரையாவது காட்டிக்கொண்டிருந்த கணினி அங்கேயே நின்றுவிடக்கூடும். காணொளியைப் பார்த்துக் கழற்றி, இப்படி நிற்கவைத்துப் பிறகு கொண்டுவந்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. சூப்பர்வைசர் பூட்டு இருக்கிற திங்க்பேடில் காசு பேட்டரியைத் தொடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இதே காரணத்தால் இன்னொரு குறுக்கு வழியையும் கைவிட்டேன். வட்டைக் கழற்றி, வேறு கணினியில் மாட்டி, அங்கே லினக்ஸை ஏற்றி, திரும்ப இங்கே செருகினால் பயாஸுக்குள் போகாமலே கணினி ஓடும். இந்த வட்டு விண்டோஸ் 7 காலத்துப் பழைய பகிர்வு முறையில் இருந்ததால் அது சிக்கலின்றி நடந்திருக்கும். கணினியைத் தொடங்கும் புதிய முறையான யூஇஎஃப்ஐ-யில் இருந்தால் தொடக்கக் கோப்பைப் பொதுவான இடத்திலும் ஒரு பிரதி வைக்க வேண்டும். வேறு கணினியில் நிறுவியபோது பதிவான தொடக்க விவரம் இந்தக் கணினிக்குத் தெரியாது. ஆனால் பூட்டு அப்படியே கிடக்கும். கணினி வெளிவந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது, காசு பேட்டரியும் அதே வயதாக இருக்கலாம். அது என்றைக்குத் தீர்கிறதோ அன்றைக்கு 0271 வரும். தேர்வுக்கு முந்தின நாள் பார்த்து வராது என்று யார் உறுதி சொல்ல முடியும்?

சில்லைத் தொடும் வழி

ரிச்சி தெருவிலேயே இதற்கு ஆட்கள் உண்டு. தாய்ப்பலகையில் அந்தச் சில்லைக் கண்டுபிடித்து, அதன் கால்களில் கவ்வி மாட்டி, உள்ளடக்கத்தைப் படித்து மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். தெரிந்தவர் கையில் அது நடக்கிற வேலைதான். எனக்கு இரண்டு காரணங்களால் பிடிக்கவில்லை. அதே சில்லில்தான் கணினியின் வரிசை எண் போன்ற அடையாளங்களும் இருக்கின்றன. எழுதும்போது பிசகினால், பூட்டு இருந்தும் ஓடிய பலகை பூட்டு இல்லாமல் ஓடாத பலகையாகிவிடும். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். இந்தக் கணினி எப்படி வெளியே வந்தது என்பது தெரியாமல் அதன் அடையாளத்தில் கைவைக்க நான் தயாராக இல்லை.

அலுவலகப் பூட்டோடு, அலுவலக விண்டோஸோடு, பிட்லாக்கரோடு ஒரு கணினி சந்தையில் கிடைத்தால் இரண்டில் ஒன்றுதான். நிறுவனம் பழைய கணினிகளை மொத்தமாக விற்றபோது பூட்டை எடுக்க மறந்தது. அல்லது யாரோ எடுத்துக்கொண்டு போனது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கைப்பேசி என்றால் ஐஎம்இஐ எண்ணை சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்க்கலாம். மடிக்கணினி வரிசை எண்ணுக்கு அப்படிப் பொதுப் பட்டியல் கிடையாது. தயாரிப்பாளரின் தளத்தில் உத்தரவாத விவரம் வரும், அவ்வளவுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒன்றை வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 411 என்று இருந்தது இதுதான். படிக்கிற பையன் கையில் இருக்கிற பொருளுக்கு இந்தச் சந்தேகம் இருக்கக் கூடாது.

கணினியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பட்டைக்குறியோடு ஒரு நிறுவனச் சொத்து ஒட்டுச்சீட்டு, பாதி கிழிந்தது. வரிசை எண் ஒட்டுச்சீட்டு முழுதாக இருந்தது. அதைச் சுரண்டாமல் விட்டிருப்பது நல்ல அறிகுறி. பையன் கையில் இருந்த பில்லில் 'லேப்டாப் – 1' என்று மட்டும் எழுதியிருந்தது.

விற்றவரிடம் பேசியது

பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விற்றவரை அழைத்தேன். பூட்டைப் பற்றிச் சண்டை போடவில்லை. இரண்டு விஷயம் கேட்டேன். வரிசை எண் போட்டுப் புதிதாக ஒரு பில் வேண்டும். இந்தக் கணினி எந்த லாட்டில், அதாவது மொத்தமாக விற்ற எந்தத் தொகுதியில், வந்ததோ, அந்த லாட்டை விற்றவரிடம் பயாஸ் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டுச் சொல்ல வேண்டும்.

"பயாஸ் எல்லாம் எதற்கு சார், தம்பிக்கு விண்டோஸ் ஓடினால் போதாதா?" என்றார் முதலில்.

"விண்டோஸ் ஏற்ற முடியாமல்தானே நீங்களே அப்படியே கொடுத்திருக்கிறீர்கள் அண்ணே" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சிரித்துவிட்டார். நிறுவன லாட்தான், மொத்தமாக ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்கியது, அந்தத் தாள் தன்னிடம் இருக்கிறது, அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். தாளின் படத்தையும் அனுப்பினார். லாட்டில் இருந்த கணினிகளின் வரிசை எண் பட்டியலில் நம்முடையதும் இருந்தது. அத்தோடு என் சந்தேகம் தீர்ந்தது.

பலர் இந்த அழைப்பைச் செய்வதே இல்லை. விற்றவர் எப்படியும் கைவிரிப்பார் என்று நினைத்துக்கொண்டு நேராகத் திருப்புளியை எடுக்கிறார்கள். நிறுவனங்கள் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி பயாஸ் கடவுச்சொல் வைப்பது அபூர்வம். நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிக்கும் ஆளுக்கு அது தலைவலி. ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றிலும் போட்டுவிடுவார்கள், ஏலம் எடுத்தவரிடமும் அது எங்காவது எழுதியிருக்கும். பாதுகாப்பு என்ற கோணத்தில் இது மோசமான பழக்கம். பழைய கணினி வாங்குகிறவனுக்கு அதிர்ஷ்டம்.

புதிய பில்லும் கடவுச்சொல்லும் சேர்ந்தே வந்தன. நிறுவனப் பெயரின் முதலெழுத்துகள், அதன் பின்னால் நான்கு இலக்கத்தில் ஓர் ஆண்டு.

சரியான கடவுச்சொல், திறக்காத கதவு

எஃப்1 அழுத்தி, கடவுச்சொல்லைத் தட்டி, என்டர் கொடுத்தேன். ஏற்கவில்லை. நிதானமாக மறுபடி தட்டினேன். ஏற்கவில்லை. திங்க்பேடில் சூப்பர்வைசர் கடவுச்சொல்லைத் தொடர்ந்து தவறாகக் கொடுத்தால் 0199 என்ற பிழை வரும், முயற்சி எண்ணிக்கை மிஞ்சிவிட்டது என்று பொருள். அதுவும் வந்தது. விற்றவரை மறுபடி அழைத்தேன். அதே லாட்டில் தன் கடையில் இருக்கிற இன்னொரு கணினியில் அந்தக் கடவுச்சொல் திறந்துவிட்டது என்று சத்தியம் செய்தார்.

கடவுச்சொல் சரி என்றால் தட்டுவதில் ஏதோ கோளாறு. இந்தப் பெட்டியில் தட்டுகிற எழுத்து எது என்று திரையில் தெரியாது. பயாஸ் பார்ப்பதும் விசைக்கு மேலே அச்சிட்ட எழுத்தை அல்ல, எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்பதைத்தான். ஜெர்மன், பிரெஞ்சு விசைப்பலகையோடு இறக்குமதியாகி, இங்கே அமெரிக்கப் பலகை மாட்டி விற்கப்படும் கணினிகளில் இதனால் குழப்பம் வரும். நம் கணினி உள்நாட்டு லாட், அந்தச் சிக்கல் இருக்க வழியில்லை. அப்படியானால் விசையே வேலை செய்யாமல் இருக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் அடிவாங்கிய விசைப்பலகை.

சோதிக்க எந்த மென்பொருளும் திறக்க முடியாத கணினியில் விசைப்பலகையை எப்படிச் சோதிப்பது? விண்டோஸ் நுழைவுத் திரையே போதும். கடவுச்சொல் பெட்டியில் எதையாவது தட்டினால் வலது ஓரத்தில் கண் வடிவக் குறி ஒன்று தோன்றும். அதை அழுத்திப் பிடித்தால் தட்டிய எழுத்துகள் வெளிப்படையாகத் தெரியும். உள்ளே போவதற்காக இல்லை, பலகையைப் பார்ப்பதற்காக மட்டும், மேல்வரிசையிலிருந்து ஒவ்வொரு விசையாகத் தட்டிவிட்டுக் கண்ணை அழுத்தினேன். 1, 2, 3, 5, 6.

நான்கைக் காணோம். அழுத்தமாக, ஓரத்தில், நடுவில், எப்படி அழுத்தினாலும் வரவில்லை. கடவுச்சொல்லில் இருந்த ஆண்டின் கடைசி இலக்கம் 4.

யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகினேன். பயாஸ் நிலையிலேயே யுஎஸ்பி விசைப்பலகையை ஏற்கும் அமைப்பு திங்க்பேடில் வழக்கமாக இயக்கத்தில்தான் இருக்கும். கணினியை முழுக்க அணைத்து, இயக்கி, எஃப்1, கடவுச்சொல், என்டர். நீல எழுத்தில் அமைப்புப் பக்கம் திறந்தது. பையன் என்னைவிட முன்னால் கைதட்டினான்.

உள்ளே செய்தவை

செக்யூரிட்டி பக்கத்தில் பாஸ்வேர்டு பகுதிக்குப் போய், சூப்பர்வைசர் கடவுச்சொல்லில் பழையதைக் கொடுத்து, புதியது கேட்கும் இரண்டு இடத்தையும் காலியாக விட்டு என்டர் அழுத்தினால் பூட்டு நீங்கிவிடும். எஃப்10 அழுத்திச் சேமித்து, மறுபடி எஃப்1 போட்டு, எதுவும் கேட்காமல் திறக்கிறதா என்று உறுதி செய்துகொண்டேன். சேமிக்காமல் வெளியே வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அதே செக்யூரிட்டி பக்கத்தில் திருட்டுத் தடுப்பு என்று ஒரு பகுதி உண்டு, பழைய கணினி வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். கம்ப்யூட்ரேஸ் என்ற கண்காணிப்பு நிரலை நிறுவனங்கள் இங்கே இயக்கி வைப்பார்கள். வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினாலும் பயாஸிலிருந்து அது மறுபடி தன்னை நிறுவிக்கொள்ளும். இந்தக் கணினியில் இயக்கப்படவில்லை. பக்கத்திலேயே இன்டெல்லின் திருட்டுத் தடுப்பு என்று ஒரு வரி இருக்கும், அந்தச் சேவையை இன்டெல் 2015-இல் நிறுத்திவிட்டது, அது பற்றிக் கவலை வேண்டாம். பாதுகாப்புச் சில்லில் இருந்த பழைய சாவிகளை அழித்தேன். ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும் மெய்நிகராக்க வசதி முடக்கப்பட்டிருந்தது, அதை இயக்கினேன், பையனுக்குக் கல்லூரி ஆய்வகப் பயிற்சிக்கு அது வேண்டும்.

பிறகுதான் காசு பேட்டரி. பூட்டு போய்விட்டதால் இப்போது பயமில்லை. முதன்மை பேட்டரியைக் கழற்றி, மின்கம்பியைப் பிடுங்கி, பழைய காசு பேட்டரியை எடுத்துவிட்டு, கம்பி பற்றவைத்த புதிய சிஆர்2032-ஐ மாட்டினேன். கம்பி இல்லாத வெறும் பேட்டரியை வாங்கி நாடா ஒட்டிச் சமாளிக்காதீர்கள், கம்பியோடு உள்ளதே விற்கிறது. பெரிய பேட்டரியை மாட்டி இயக்கியதும் எதிர்பார்த்தபடி 0271 வந்தது. தேதியையும் நேரத்தையும் போட்டேன், முடிந்தது.

இயங்குதளமாக லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0-உம் வேண்டும், இதில் இருப்பது மூன்றாம் தலைமுறையும் 1.2-உம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவியதால் பிட்லாக்கரும் பழைய கணக்கும் தடயமின்றிப் போயின. நிறுவும்போதே வட்டைக் குறியாக்கம் செய்யும் தேர்வைப் போட்டேன். அந்தக் கடவுத்தொடரை அவனே தேர்ந்தெடுத்து அக்காவின் வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுத்தேன். பயாஸுக்குப் புதுக் கடவுச்சொல் போடட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டிலும் வகுப்பிலும் பயன்படும் கணினிக்கு வட்டுக் குறியாக்கம் போதும். மறந்துபோனால் வட்டை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். பயாஸ் கடவுச்சொல்லை மறந்தால் அந்த வசதி இல்லை.

வேறு கணினிகளில்

இதே நிலை டெல் லாட்டிட்யூடில் வந்தால், பூட்டுத் திரையிலேயே கணினியின் சேவை எண்ணும் அதன் பின்னால் ஒரு குறியீடும் தெரியும். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிப் பதிந்துகொண்டால் அவர்கள் ஆதரவுப் பிரிவிடம் திறப்புக்கு விண்ணப்பிக்கலாம். வரிசை எண் போட்ட பில் அங்கேதான் கைகொடுக்கும். ஆப்பிள் கணினியில் முன்னாள் உரிமையாளரின் கணக்கோடு செயலாக்கப் பூட்டு இருந்தால், அவர் நீக்க வேண்டும், அல்லது வாங்கியதற்கான மூல ஆவணத்தோடு ஆப்பிளிடம் போக வேண்டும். மூன்றாவது வகை இப்போது அதிகமாகிறது. விண்டோஸைப் புதிதாக ஏற்றி இணையத்தில் இணைத்ததும், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரும் அதன் நுழைவுப் பக்கமும் வந்து நிற்கும். நிறுவனக் கணினிகளை இணையம் வழியே பதிந்து நிர்வகிக்க மைக்ரோசாஃப்ட் தரும் சேவை ஆட்டோபைலட். கணினியின் வன்பொருள் அடையாளம் அந்த நிறுவனத்தின் ஆட்டோபைலட் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். அந்தப் பட்டியலிலிருந்து நீக்க அந்த நிறுவனத்தால் மட்டுமே முடியும். கடையில் இணையம் இல்லாமல் ஏற்றிக் காட்டினால் இது தெரியவே தெரியாது. ஆகவே வாங்கும்போது உங்கள் கைப்பேசி இணையத்தைக் கொடுத்து, புதிதாக ஏற்றிய விண்டோஸின் முதல் திரையைக் கடைக்காரர் முன்னாலேயே கடந்து பாருங்கள். எஃப்1, எஃப்12 இரண்டையும் அழுத்திப் பார்க்கவும் மறக்க வேண்டாம், எல்லா விசையையும் ஒருமுறை தட்டவும்.

டி430-க்குப் புது விசைப்பலகை சொல்லியிருக்கிறேன். மாற்றுவது பெரிய வேலையில்லை, அடியில் விசைப்பலகைக் குறி போட்ட திருகுகளை எடுத்துப் பலகையை நகர்த்தினால் வந்துவிடும். வரும்வரை நான்கு தேவைப்படும்போதெல்லாம் யுஎஸ்பி பலகைதான்.

நேற்று விற்றவர் அழைத்தார். பூட்டை எடுக்கும் முறையை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார், அனுப்பியிருந்தேன். அந்த லாட்டில் கடையில் மிச்சம் இருந்தவற்றில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் எடுத்துவிட்டாராம். அந்த ஒன்று மட்டும் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது, சில்லைக் கழற்றுகிறவரிடம் கொடுக்கலாமா என்று கேட்டார். முதலில் ஒரு யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகிப் பாருங்கள் அண்ணே என்றேன். இன்னும் பதில் வரவில்லை.